ஆடிக் கூழ் முதல் தைப்பூசக் காவடி வரை: டர்பன் நகரத்தின் கோரிக்கையை மாகாணத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொண்டுபோகும் வழி

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோய், அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் எங்கள் கோயிலுக்குப் பின்னால், சாலைக்கு அடியில் போகும் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டது. ஓடை சாலை மேல் ஏறிக் கீழ்த்தெரு வீடுகளுக்குள் புகுந்தது.

வெள்ளம் வடிந்த கையோடு கோயில் கமிட்டியும் தெருக்காரர்களும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். உருக்கமான கடிதம், நிறையக் கையெழுத்து. அதை ஒரு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். எட்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: இது எங்கள் பொறுப்பில் வராது. சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆண்டுக்கான பட்டியல் மூடியிருந்தது. அடுத்த ஆண்டும் தேதியைத் தவறவிட்டோம். இரண்டு மழைக்காலம் வீணாகப் போனது.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் அதற்கு அப்புறமும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வார்டு கமிட்டியில் இருப்பவர்கள், கோயில், சங்கம் நடத்துபவர்கள், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து இங்கே குடியேறியவர்கள் என எல்லோருக்கும் இது பயன்படும். நம் தெருவின் தேவை நகரத்தின் கோரிக்கையாக மாற வேண்டும். நகரத்தின் கோரிக்கை மாகாண சட்டமன்றம் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சட்டமாகவோ நாடாளுமன்றம் இருக்கும் கேப் டவுனில் பணமாகவோ மாற வேண்டும். இரண்டு இடத்திலும் கதவு எது, நாள் எது என்று தெரிந்தவருக்குத்தான் வேலை நடக்கிறது.

முதலில் மனத்தில் வைக்க வேண்டியது

தமிழ்நாட்டில் மாநகராட்சி என்றால் மாநில அரசின் சட்டத்தால் உண்டான அமைப்பு என்று பழகியிருப்போம். இங்கே அப்படி இல்லை. 1996 அரசியல் சட்டத்தின் 40ஆம் பிரிவு தேசிய அரசு, மாகாண அரசு, உள்ளாட்சி என்று மூன்றையும் தனித்தனி அரசுகளாக வைக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை, ஆனால் வேறு வேறு. டர்பனை ஆளும் ஈதெக்வினி மாநகராட்சிக்கு 111 வார்டுகள், 222 உறுப்பினர்கள் கொண்ட அவை, சொந்த வரி அதிகாரம் எல்லாம் உண்டு. சொத்துவரி, அதாவது நாம் ரேட்ஸ் என்று சொல்வது, மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் இவைதான் அதன் வருமானத்தில் பெரும்பகுதி.

அப்படியானால் மேலே ஏன் போக வேண்டும்? பெரிய அணை, பெரிய குழாய், வெள்ளத்தில் போன பாலம், குடிசைப் பகுதிகளுக்கு வடிகால் போன்றவற்றை ரேட்ஸ் பணத்தில் மட்டும் கட்ட முடியாது. நகரம் எதை எப்படிச் செய்யலாம் என்ற சட்டங்களும் நாடாளுமன்றத்திலும் மாகாண சட்டமன்றத்திலும்தான் இயற்றப்படுகின்றன.

படி 1: இது யாருடைய வேலை என்று கண்டுபிடியுங்கள்

நாங்கள் தவறியது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் கடைசியில் 4ஆம் அட்டவணை, 5ஆம் அட்டவணை என்று இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அ, ஆ என்று இரண்டு பகுதி. 'ஆ' பகுதியில் இருப்பது நகரத்தின் வேலை. அந்த இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக் கமிட்டி அறையில் ஒட்டி வையுங்கள்.

மழைநீர் வடிகால், குடிநீர் விநியோகம், வீட்டுக் கழிவுநீர், மின்சார விநியோகம், தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலை, குப்பை, பூங்கா, கடற்கரை, இடுகாடு, தகன மையம், தெருவோர வியாபாரம் எல்லாம் நகரத்தின் பொறுப்பு. எங்கள் ஓடையும் இதில்தான் வருகிறது.

பள்ளிக்கூடமும் ஆர்.கே. கான் மருத்துவமனையும் மாகாணத்தின் கையில் இருக்கின்றன. வீட்டுவசதி தேசிய அரசும் மாகாணமும் சேர்ந்து பார்ப்பது. ரயில், காவல்துறை தேசிய அரசுடையவை. இவற்றில் நகரத்தால் பரிந்து பேச முடியும், செய்து தர முடியாது. தீபாவளிக்கு அரசு விடுமுறை வேண்டும் என்று கவுன்சிலரிடம் கேட்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். விடுமுறைப் பட்டியல் 1994ஆம் ஆண்டின் தேசியச் சட்டம். நகர அவை ஆதரவுத் தீர்மானம் போடலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது.

சில விஷயங்களில் சட்டம் ஒரு பக்கமும் நடைமுறை ஒரு பக்கமும் நிற்கும். நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப்படி அது மாகாணத்தின் தனிப் பொறுப்பு. ஆனால் கட்டடத்தைப் பராமரித்து ஊழியருக்குச் சம்பளம் கொடுத்து நூலகத்தை நடத்துவது நகரம். மருத்துவ நிலையங்களும் அப்படியே. 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் நகரத்துக்குக் கொடுத்தது சுற்றுச்சூழல் சுகாதாரம் மட்டும். ஆனாலும் நகரம் பல இடங்களில் மருத்துவ நிலையங்களை நடத்திக்கொண்டிருக்கிறது. மாகாணம் தரும் உதவித்தொகை போக மீதிச் செலவு ரேட்ஸ் கட்டுபவர்களின் தலையில் விழுகிறது. 'நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இல்லை' என்று நகரத்தைத் திட்டுவதற்கு முன், அந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்று பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சுக்கு எடை கூடும்.

கோயில் கமிட்டிகளுக்குத் தனியாக ஒன்று. கோயிலுக்கு ரேட்ஸ் வேண்டாம் என்று நகரத்திடம் கெஞ்ச வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் சொத்துவரிச் சட்டம், 17ஆம் பிரிவு, மதச் சமூகத்தின் பெயரில் பதிவாகி, முதன்மையாகப் பொது வழிபாட்டுக்குப் பயன்படும் சொத்துக்கு வரி போடக் கூடாது என்கிறது. பத்திரம் இன்னமும் எப்போதோ காலமான ஒரு தாத்தாவின் பெயரில் இருந்தால்தான் சிக்கல். அதற்கு வேண்டியது பத்திரத் திருத்தம், மனு வேண்டியதில்லை.

படி 2: கேட்பது சட்டமா, பணமா, சுமைக் குறைப்பா?

மூன்றையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். சட்டத்தை மாற்றச் சொன்னால் அது மசோதாவைப் பார்க்கும் குழுவுக்குப் போக வேண்டும். பணம் கேட்டால் கருவூலத்துக்கும் அந்த மானியத்தை நடத்தும் துறைக்கும் போக வேண்டும். மூன்றாவது வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மேலே இருப்பவர்கள் பணம் தராமல் நகரத்தின் மேல் இறக்கிவைத்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்வது, அல்லது செலவைக் கொடுக்கச் சொல்வது. மேலே சொன்ன நூலகமும் மருத்துவ நிலையமும் இந்த வகை. என் கணிப்பில், நகரங்கள் மிகவும் நியாயமாகக் கேட்கக்கூடிய வகை இது. அட்டவணையே சாட்சி சொல்கிறது அல்லவா!

படி 3: பணம் எந்தக் குழாயில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாட்டின் மொத்த வரி வருமானத்தை மூன்று அரசுகளுக்கும் பங்கிடும் சட்டம் ஆண்டுதோறும் நிறைவேறுகிறது. அரசியல் சட்டம் 214ஆம் பிரிவு சொல்லும் வருவாய்ப் பகிர்வுச் சட்டம் இது. உள்ளாட்சிக்குக் கிடைப்பது சுமாராகப் பத்தில் ஒரு பங்கு. அது 257 உள்ளாட்சிகளுக்குப் பிரிகிறது. அவற்றில் 8தான் ஈதெக்வினி மாதிரி மாநகராட்சிகள்.

நியாயப் பங்கு என்பது முதல் குழாய். ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு சூத்திரப்படி வருகிறது. ஏழை வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர் தண்ணீர், 50 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தர இந்தப் பணம்தான். ஜூலை, டிசம்பர், மார்ச் என்று மூன்று தவணை. இதை எப்படிச் செலவிடுவது என்பது நகரத்தின் விருப்பம். ஆனால் ஒரு ஓடைக்காகவோ ஒரு பாலத்துக்காகவோ யாரும் சூத்திரத்தை மாற்ற மாட்டார்கள். அதில் மாற்றம் வேண்டுமென்றால் எல்லா நகரங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பொது எரிபொருள் வரி இரண்டாவது. நீங்கள் பெட்ரோல் போடும்போது கட்டும் அந்த வரியில் ஒரு பகுதி, 2009ஆம் ஆண்டிலிருந்து மாநகராட்சிகளுக்கு வருகிறது. இதில் நாம் செய்ய அதிகம் இல்லை.

நிபந்தனை மானியங்களில்தான் உண்மையான வாய்ப்பு இருக்கிறது. நகரக் குடியிருப்பு மேம்பாட்டு மானியமும் முறைசாராக் குடியிருப்புகளைச் சீர்படுத்தும் மானியமும் தேசிய மனிதக் குடியிருப்புத் துறை வழியாக வருகின்றன. பொதுப் போக்குவரத்து மானியம் போக்குவரத்துத் துறை வழியாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அரசிதழில் விதிப் பக்கங்கள் வெளியாகும். நோக்கம் என்ன, எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்று அதில் இருக்கும். உங்கள் கோரிக்கையை எழுதும் முன் அந்த விதியைப் படியுங்கள். விதியில் வரும் சொல் உங்கள் கோரிக்கையிலும் வர வேண்டும். எங்கள் ஓடையைக் 'கோயில் வடிகால்' என்று எழுதியபோது எந்த மானியத்திலும் அது பொருந்தவில்லை. அதே ஓடையின் கரையில் குடிசை போட்டு வாழும் குடும்பங்களையும் சேர்த்து, 'முறைசாராக் குடியிருப்புக்கும் கீழ்த்தெருவுக்கும் பொதுவான மழைநீர் வடிகால்' என்று எழுதியபோது பொருந்தியது. உண்மையும் அதுதான். வெள்ளம் முதலில் அடித்துக்கொண்டு போனது அவர்களுடைய வீடுகளைத்தான். எங்கள் முதல் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

பேரிடர் மானியம் தனி வகை. 2002ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, சேதமான நகரச் சொத்தைச் சரிசெய்யும் செலவு முதலில் நகரத்துடையது. மேலிருந்து உதவி கேட்கும்போது, முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை எடுத்தார்களா, எடுக்கவில்லையென்றால் ஏன், காப்பீடு செய்திருக்க முடியுமா என்றெல்லாம் பார்க்கலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே குழாய் அடைப்பு பற்றிய புகார் எண்களை வெள்ளம் வருவதற்கு முன்பே சேர்த்து வையுங்கள். அந்தப் புகார்களை நகரம் கவனித்திருந்தால் அதன் கோரிக்கை வலுப்பெறும். கவனிக்காவிட்டால் அதே தாள் நகரத்துக்கு எதிராகப் போகும். இதை முன்கூட்டியே கவுன்சிலரிடம் எடுத்துச் சொன்னால், துப்புரவு வண்டி கொஞ்சம் சீக்கிரமாகவே வரும் என்பது என் அனுபவம்.

இப்போது புதிதாக ஒரு குழாயும் திறந்திருக்கிறது. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், குப்பை ஆகிய சேவைகளைச் சீர்திருத்தும் மாநகராட்சிகளுக்கு, ஆறு ஆண்டுகளில் 54 பில்லியன் ராண்ட் ஊக்கத்தொகை என்று தேசியக் கருவூலம் அறிவித்திருக்கிறது. நம் கணக்கில் 5,400 கோடி. செயல்பாட்டைக் காட்டினால்தான் பணம். தண்ணீருக்கு வசூலித்ததைத் தண்ணீருக்கே திருப்ப வேண்டும், அந்தத் துறைக்கு ஒரே பொறுப்பாளர் வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள். டர்பனில் குழாயில் விடும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கசிவாகவோ கட்டணம் வராமலோ போய்விடும் நிலையில், நகரம் இதை விட்டுவிடக் கூடாது. வார்டுக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஆண்டு எந்த இலக்கை எட்டினீர்கள், எவ்வளவு பணம் வந்தது?

படி 4: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

எங்கள் கமிட்டியில் ஓய்வுபெற்ற பொறியாளர் அக்கா ஒருவர் இருக்கிறார். எங்கள் பழைய கடிதத்தைப் படித்துவிட்டு, 'தம்பி, இதில் கண்ணீர் இருக்கு, கணக்கு இல்லையே' என்றார். அவர் சொல்லித் திருத்தியது இப்படி:

- பிரச்சினை இரண்டு வரியில், இடம், தேதி, படத்துடன்
- யாருடைய அதிகாரம், எந்தப் பிரிவு அல்லது அட்டவணை
- என்ன செய்ய வேண்டும், எத்தனை வீட்டுக்குப் பயன்
- கட்டும் செலவு, அதன் பிறகு ஆண்டுதோறும் பராமரிக்கும் செலவு
- எந்த மானியத்திலிருந்து, எந்த நிதியாண்டில்

நாலாவது வரி இல்லாத கோரிக்கைதான் அதிகம். கட்டிவிட்டுப் பராமரிக்க முடியாமல் கிடப்பவை எத்தனை என்று அதிகாரிகளுக்குத் தெரியும். பராமரிப்பையும் நீங்களே யோசித்து எழுதியிருந்தால் அவர்கள் நின்று படிக்கிறார்கள்.

நகரத்தின் பட்டியலுக்கும் இதே கதைதான். கல்யாணச் சீர்வரிசை மாதிரி நாற்பது உருப்படி போட்டு அனுப்பினால், மேலே இருப்பவர் தனக்குச் சுலபமானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். நான்கோ ஐந்தோ போதும். என்னைக் கேட்டால் டர்பனின் பட்டியலில் முதலில் தண்ணீர்தான் வரும்: பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கும் உம்கோமாசி ஆற்று அணைத் திட்டம், பழைய குழாய்களை மாற்றுவது, கழிவுநீர் நிலையங்கள். அடுத்து வெள்ளத்துக்குப் பிந்திய வடிகால். மூன்றாவதாக நூலகம், மருத்துவ நிலையச் செலவு. உங்கள் வட்டாரத்தில் வேறு வரிசை இருக்கலாம். ஆனால் ஏதோ ஒரு வரிசை இருந்தே ஆக வேண்டும்.

படி 5: நாட்காட்டி

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்கள். இந்த ஊர் பட்ஜெட்டுக்கு அந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. தேசிய, மாகாண நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இந்த மூன்று மாத இடைவெளியில்தான் கோரிக்கைகள் தொலைந்துபோகின்றன. நம் திருவிழாக்களை வைத்து நினைவில் கொள்வது எங்களுக்கு எளிதாக இருக்கிறது.

ஆடி மாதம், கோயிலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கான கால அட்டவணையை மேயர் ஆகஸ்ட் முடிவதற்குள் அவையில் வைக்க வேண்டும். நிதியாண்டு தொடங்க பத்து மாதம் முன்பே வைக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம். ஐ.டி.பி. என்று எல்லோரும் சொல்லும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் ஆண்டு மறுபார்வையும் இதோடு தொடங்கும். உங்கள் ஒரு பக்கத் தாள் இப்போது வார்டு கமிட்டியில் இருக்க வேண்டும். கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர் வரை இருக்கும் அந்தக் கமிட்டியின் கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்து, ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புரட்டாசி விரத காலம். வட்டாரக் கூட்டங்கள் நடக்கும். நகரத்துக்குள் துறைகள் தங்கள் திட்டங்களை வரிசைப்படுத்தும் நேரமும் இதுதான். வடிகால் பிரிவின் பொறியாளரை நேரில் பாருங்கள். வார்டில் ஏறியது துறையின் மூலதனப் பட்டியலில் ஏறவில்லை என்றால் ஐ.டி.பி.யில் வெறும் 'தேவை' என்று மட்டும் கிடக்கும்.

தீபாவளியை ஒட்டி, அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் பாதியிலோ நிதியமைச்சர் இடைக்கால பட்ஜெட் அறிக்கை வைப்பார். அடுத்த மூன்றாண்டுப் பணம் எந்தப் பக்கம் போகும் என்று அதில் தெரிந்துவிடும். நடப்பு ஆண்டின் வருவாய்ப் பகிர்வைத் திருத்தும் மசோதாவும் அப்போது வரும். பேரிடர் நிதி கூடுதலாக வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய இடம் அது.

தை. நகரம் தன் அரையாண்டுக் கணக்கை ஜனவரி 25க்குள் முடிக்க வேண்டும். செலவாகாத மானியம் எங்கே தேங்கியிருக்கிறது என்று அதில் தெரியும். தைப்பூசக் காவடி எடுத்து முடித்த சில வாரங்களில் தேசிய பட்ஜெட் வரும், வழக்கமாக பிப்ரவரியில். 2025இல் அது பிப்ரவரி 19இலிருந்து மார்ச் 12க்குத் தள்ளிப்போய், மதிப்புக் கூட்டு வரிச் சண்டையில் மே 21 அன்று மறுபடி வைக்கப்பட்டது. அந்த ஆண்டு நகரங்கள் நிலையில்லாத எண்களை வைத்துக்கொண்டு வரைவு தயாரிக்க வேண்டியிருந்தது.

ஈஸ்டர் வாரம், இசிபிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில்களில் கூட்டம் அலைமோதும் நேரம். நகரத்தின் வரைவு பட்ஜெட் மார்ச் இறுதிக்குள் அவைக்கு வந்திருக்கும். ஏப்ரல் முழுக்கக் கருத்துச் சொல்லலாம். நாடாளுமன்றத்தில் வருவாய்ப் பகிர்வு மசோதா மீது ஒதுக்கீட்டுக் குழுக்கள் கருத்துக் கேட்பதும் ஏறத்தாழ இதே பருவம். மொத்தத் தண்ணீர் விலை, மின்சார விலை உயர்வுகளை மார்ச் 15க்குள் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்றும், அதற்கு முன் கருவூலத்திடமும் உள்ளாட்சிச் சங்கத்திடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்றும் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. ஜூலையில் தண்ணீர்க் கட்டணம் ஏறியபின் கத்துகிறவர்கள் இந்த மார்ச் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

மே இறுதிக்குள் நகரத்தின் பட்ஜெட் ஒப்புதலுக்காக அவைக்கு வர வேண்டும். அதற்கு அப்புறம் கொடுக்கும் மனு அடுத்த ஆடிக்குத்தான்.

படி 6: யார் தூக்கிக்கொண்டு போவது

உள்ளாட்சிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குரலாக இருப்பது தென்னாப்பிரிக்க உள்ளாட்சிச் சங்கம், சுருக்கமாகச் சல்கா. நிதியமைச்சரும் மாகாண நிதியமைச்சர்களும் அமரும் பட்ஜெட் மன்றத்தில் சல்காவுக்கும் இடம் உண்டு. நாடாளுமன்றத்தின் இரண்டாவது அவையான மாகாணங்களின் தேசியப் பேரவையில் அதன் பிரதிநிதிகள் பத்துப் பேர் வரை பேசலாம், ஆனால் வாக்கு கிடையாது.

வாக்கு மாகாணத்திடம் இருக்கிறது. மாகாணங்களைத் தொடும் மசோதாக்களில் ஒன்பது மாகாணக் குழுவுக்கும் ஆளுக்கு ஒரே வாக்கு, ஐந்து சேர்ந்தால் நிறைவேறும். அந்த ஒற்றை வாக்கை எப்படிப் போடுவது என்று கட்டளை கொடுப்பது மாகாண சட்டமன்றம். அதாவது கேப் டவுனில் டர்பனுக்காக விழும் வாக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முடிவாகிறது, எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். சட்டமன்றக் குழு கருத்துக் கேட்கும் நாளில் அங்கே போய் உட்காருங்கள். நான் போன இரண்டு முறையும் அறையில் பாதி நாற்காலி காலியாக இருந்தது.

நிதி, நிதியியல் ஆணையம் என்ற தனி அமைப்பும் உண்டு. அது பங்கீடு பற்றிய தன் பரிந்துரையைத் தேசிய நிதியாண்டு தொடங்கப் பத்து மாதம் முன்பே, அதாவது மே மாத இறுதிவாக்கில் கொடுத்துவிடும். சூத்திரத்தையே மாற்றும் வாதம் இருந்தால் அதற்கு முன் அங்கே எழுதுங்கள். நகரத்துக்குள் இதையெல்லாம் கவனிக்க அரசுகளுக்கு இடையிலான உறவுப் பணியில் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களோடு பழகுங்கள்.

படி 7: மசோதா வந்தால் எப்படிக் கருத்து எழுதுவது

உள்ளாட்சியின் நிலை, அதிகாரம், வேலை எதையாவது தொடும் மசோதாவை, அவையில் வைக்கும் முன்பே வெளியிட்டு, நகரங்களும் ஆர்வமுள்ள மற்றவர்களும் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 154ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. மற்றவர்கள் என்பதில் உங்கள் சங்கமும் அடங்கும். இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டைச் சொல்வேன். மக்களை முறையாகக் கேட்கவில்லை என்பதற்காகவே அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த ஆண்டு சில சட்டங்களைச் செல்லாது என்றது. மட்டாட்டியேலே என்ற ஊரைக் குவாசுலு-நட்டாலிலிருந்து கிழக்குக் கேப்புக்கு மாற்றிய வழக்கும் அவற்றில் ஒன்று. நம் மாகாண சட்டமன்றம் கருத்துக் கேட்புக் கூட்டமே நடத்தவில்லை என்பதுதான் அங்கே தவறு. ஆனால் முடிவையும் பாருங்கள்: மறுபடி முறைப்படி கேட்டு, மறுபடி சட்டம் போட்டார்கள், ஊர் கிழக்குக் கேப்பிலேயே இருக்கிறது. நீதிமன்றம் நம்மைக் கேட்க வைக்கும். நம் பக்கம் முடிவெடுக்க வைப்பது நம் வாதத்தின் வேலை.

எழுதும்போது மசோதாவின் உட்பிரிவு எண்ணைப் போடுங்கள். அது நம் நகரத்தில் என்ன செய்யும் என்று ஒரு எடுத்துக்காட்டு. அப்புறம் அந்த வாசகத்துக்குப் பதிலாக எந்த வாசகம் வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். 'இந்தச் சட்டம் மக்களுக்கு விரோதமானது' என்ற வரியைக் குழுவின் எழுத்தர் எந்தக் கட்டத்தில் போடுவார்? மாற்று வாசகம் இருந்தால் அது அட்டவணையில் ஏறும், அதற்கு ஒரு பதில் வந்தாக வேண்டும்.

மொழி பற்றியும் கேட்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில், போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழின் பெயர் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது. ஆனால் தமிழ் இங்கே ஆட்சிமொழி இல்லை. மனுவை ஆங்கிலத்தில் கொடுங்கள், கையோடு ஒரு பக்கம் சூலு மொழியிலும். தமிழில் எழுதிக் கோயில் பலகையில் ஒட்டுங்கள், நம் பெரியவர்கள் கையெழுத்துப் போடும் முன் எதற்குப் போடுகிறோம் என்று தெரிய வேண்டும்.

படி 8: தனியாகப் போகாதீர்கள்

சாட்ஸ்வொர்த்தை நிறம் பார்த்துப் பிரித்த சட்டம்தான் உண்டாக்கியது. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. உம்லாட்டுசானா ஆறு எல்லோருடைய வீட்டுக்குப் பின்னாலும் ஓடுகிறது. குடிசைப் பகுதியின் தலைவி, பக்கத்துத் தேவாலயம், மசூதி, ஃபுட்பால் கிளப், எல்லோருடைய கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால், அது எந்தக் கட்சியின் கவுன்சிலராலும் ஒதுக்க முடியாத தாள். அவையில் கட்சிகளும் கூட்டணிகளும் மாறும். நகரத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே நாளில் கூப்பிட்டு, ஒரே தாளைக் கொடுங்கள்.

படி 9: பணம் வந்தபின்

நிபந்தனை மானியம் ஜூன் 30க்குள் செலவாகவில்லை என்றால், தக்க காரணம் காட்டி அனுமதி வாங்காதவரை அது கருவூலத்துக்குத் திரும்ப வேண்டும். செலவு மந்தமாக இருந்தால் நடுவிலேயே நிறுத்தி வேறு நகரத்துக்குத் திருப்பவும் வழி இருக்கிறது. போராடி வாங்கிய பணம் டெண்டர் தாமதத்தில் போவதைப் போல வயிறெரியும் விஷயம் வேறில்லை. ஒவ்வொரு காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் மேயர் அவையில் அறிக்கை வைக்க வேண்டும். அதில் உங்கள் திட்டத்தின் வரியைத் தேடுங்கள். டெண்டர் விட்டாயிற்றா, ஒப்பந்தக்காரர் வந்தாரா, எத்தனை சதவீதம் செலவு? இந்த மூன்று கேள்வியையும் அக்டோபரில் கேளுங்கள். ஏப்ரலில் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

எங்கள் ஓடைக்கு வரைபடப் பணம் வந்துவிட்டது. கட்டும் பணம் மூன்றாண்டுக் கணக்கில் இரண்டாம் ஆண்டுக் கட்டத்தில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் இருக்கும் எண் உறுதியானது இல்லை, அடுத்த பட்ஜெட்டில் முதல் கட்டத்துக்கு நகர வேண்டும். அதனால் இந்த ஆடியில் கூழ் ஊற்றிய மறுநாளே வார்டுக் கூட்டத்துக்குப் போகிறோம். அக்கா பழைய தாளில் செலவுக் கணக்கைப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார். ஓடைக்கு அந்தக் கரையில் இருப்பவர்கள் இந்த முறை முதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.